கல்லறை வாயிலில் ஒரு சிறுமி

நவம்பர் மாதம் பிறந்ததும் நம் கத்தோலிக்க இல்லங்களில் ஒரு கடமை நினைவுக்கு வருகின்றது. கல்லறையைச் சுற்றிக் களை பிடுங்கி, மேட்டைச் சீர்செய்து, சுண்ணாம்பு பூசுகிறோம். 2-ஆம் நாள், சாமந்தி மாலையும் மெழுகுதிரியும் ஊதுவத்தியுமாகக் குடும்பத்தோடு புறப்படுகிறோம். குருவானவர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து வருகையில், அவரவர் குடும்பத்தாரின் கல்லறையருகே கண் கலங்கி நிற்கிறோம்.

இத்தகைய ஒரு குடும்பத்தை ஓவியமாகத் தீட்டியவர் பிரெஞ்சுக் கலைஞர் எமீல் ஃபிரியான். 1863-இல் தியூஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1871-இல் போரின் முடிவில் அவ்வூர் ஜெர்மானியர் வசமாயிற்று. சிறுவன் ஃபிரியான் பிறந்த மண்ணை விட்டு நான்சி நகருக்கு வந்து சேர்ந்தான். அங்கேயே ஓவியம் பயின்று, 1888-இல் ‘சகல புனிதர்கள் திருநாள்’ என்ற படத்தை வரைந்தான். பிரான்சில் நவம்பர் 1-ஆம் நாள் விடுமுறையாதலால், மக்கள் அன்றே கல்லறைக்குச் செல்வது வழக்கம். 2.5 மீட்டர் உயரமும் 3 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உள்ள அப்படம், இன்றும் நான்சி நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

படத்தில் நாம் காண்பதென்ன? குளிர்காலப் பகல். கறுப்பு உடையணிந்த ஒரு குடும்பம் கல்லறைத் தோட்டத்து மதிலோரமாய் மலர்களுடன் நடந்து வருகின்றது. பெரியவர்கள் முகத்தில் துயரமும் அமைதியும். மதிலோரத்தில் பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எல்லாருக்கும் முன்னே வரும் சின்னஞ்சிறுமி, கையிலிருக்கும் நாணயத்தை அவரிடம் நீட்டுகிறாள். இறந்தோருக்காகப் புறப்பட்ட பயணத்தில், உயிரோடிருக்கும் ஏழையை முதலில் சந்திப்பவள் அக்குழந்தையே. ஓவியர் கல்லறையின் உட்புறத்தை வரையவில்லை. அதற்குச் செல்லும் வழியைத்தான் வரைந்திருக்கிறார்.

இறந்தோர் நினைவும் இரக்கச் செயலும் இவ்வாறு இணைவது நம் விசுவாசத்திற்குப் புதிதன்று. தோபித்து ஆகமத்தை எடுத்துப் பாருங்கள். நினிவே நகரில் அகதியாய் வாழ்ந்த அப்பெரியவர் பசித்தோருக்கு உணவளித்தார். கேட்பாரற்றுக் கிடந்த தம் இனத்தாரின் உடல்களை அடக்கம் செய்தார். அடக்கம் செய்வதும் தர்மம் செய்வதும் அவருக்கு ஒரே அன்பின் இரு கைகள். குளூனி மடத்துத் தலைவர் புனித ஓதிலோ, ஏறத்தாழ 998-ஆம் ஆண்டில், தம் மடங்களில் நவம்பர் 2-ஆம் நாளைச் சகல ஆன்மாக்களுக்கும் உரியதாக்கினார். ‘சகல’ என்ற சொல்லைக் கவனியுங்கள். என் தந்தை, என் தாய் மட்டுமல்லர். நினைக்க ஆளில்லாதவர்களும் அதில் அடங்குவர்.

வாலாஜாபாத் மக்களாகிய நமக்கு இது வெறும் பழங்கதையன்று. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய நம் ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் தங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. கடல் கடந்து வந்து இம்மண்ணில் உயிர்நீத்தவர்களுக்கு இன்று விளக்கேற்றுவோர் யார்? இப்போதோ, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பணிபுரிய ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து, நம் தெருக்களில் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். அவர்கள் இரப்போரல்லர், உழைத்து உண்பவர். ஆயினும் நவம்பர் 2-ஆம் நாள் மாலையில், அவர்களுடைய பெற்றோரின் கல்லறை நெடுந்தூரத்தில் இருக்கின்றது. நம் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கும் அத்தகைய இளைஞனிடம், “தம்பி, உன் வீட்டில் இறந்தவர்கள் உண்டா?” என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆகவே இவ்வாண்டு மூன்று காரியங்கள் செய்வோம். மெழுகுதிரி வாங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கி, பூவில்லாத கல்லறை ஒன்றில் ஏற்றுவோம். இறந்தோர் பெயர்ப்பட்டியலைப் பங்குத் தந்தையிடம் கொடுக்கும்போது, அயலூரிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதிச் சேர்ப்போம். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து, உரிய நிபந்தனைகளை நிறைவேற்றிச் செபிப்போர், இறந்தோருக்காகப் பரிபூரண பலன் பெறலாம் என்று திருச்சபை கற்பிக்கின்றது; அப்பலனை நாம் அறியாத ஓர் ஆன்மாவுக்கும் ஒருநாள் ஒப்புக்கொடுப்போம்.

பெற்றோரே, இவற்றைச் செய்கையில் பிள்ளைகளை முன்னே விடுங்கள். மெழுகுதிரியை அவர்கள் கையில் கொடுங்கள். நாளை நாம் மண்ணுக்குள் உறங்கும்போது நமக்கென்று செபிக்கப் போகிறவை அக்கைகளே. இன்று அந்நியனுக்காக நீளக் கற்றுக்கொள்ளும் கை, நாளை நம்மையும் மறவாது.