சட்டசபையிலிருந்து வந்த நீதிபதி

அரசியலில் இருந்தவர் நீதிபதியாகலாமா? எங்கள் வகுப்புப் பட்டிமன்றத்தில் 'கூடாது' என்ற அணிக்கே கைதட்டல் அதிகம். நான் 'ஆகலாம்' என்று பேசித் தோற்றேன். மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வி. ஆர். கிருஷ்ணய்யர் சென்னையில் சட்டம் பயின்றவர். மலபார் நம் மாநிலத்தோடு இணைந்திருந்த 1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்கு வந்தார். 1957-இல் கேரளத்தின் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு மந்திரிசபையில் சட்டம், சிறை முதலிய இலாகாக்களைக் கவனித்தார். 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. கம்யூனிஸ்டு மந்திரிசபையில் இருந்தவருக்கு நடுநிலை எப்படி வரும் என்று வழக்கறிஞர் சிலரே எதிர்த்தனர்.

அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் 1975 ஜூன் 24-ஆம் நாளைப் பாருங்கள். பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்பின் மேல் முறையீடு இவரிடம் வந்தது. பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் வாக்களிக்கக் கூடாது என்றார். இரு தரப்பாருக்கும் திருப்தியில்லை! கட்சிக்காரராகவே இருந்திருந்தால் ஒரு தரப்பையாவது மகிழ்வித்திருப்பார் அல்லவா? மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்துவிட்டது.

1979-இல் திகார் சிறைக் கைதி ஒருவர், சக கைதி சித்திரவதைக்கு உள்ளானதைக் கடிதமாக எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ணய்யர். சிறை மந்திரியாக இருந்ததோடு, 1948-இல் சிறையிலும் இருந்தவர் அவர். புத்தகத்தில் மட்டும் சிறையைப் படித்தவருக்கு அக்கடிதத்தின் கனம் தெரிந்திருக்குமா? (அவருடைய ஆங்கிலம் மட்டும் வழக்கறிஞரான என் மாமாவுக்கே அகராதியின்றிப் புரியாதாம்!)

எனக்கு மிகவும் பிடித்தது முத்தம்மா வழக்கு. இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி அவர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி மாணவி. அப்பணியில் பெண்கள் அப்போது திருமணத்துக்கு அரசின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டியிருந்தது. பின்னர் ராஜினாமா செய்யும்படியும் சொல்லலாம் என்று விதி இருந்தது. ஆண்களுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை! குடும்பம் பெண்ணின் கடமைக்கு இடையூறு என்றால் ஆணுக்கும் அதே தொல்லை வரலாமே என்று 1979-இல் கேட்டார் கிருஷ்ணய்யர். முத்தம்மாவுக்கு அதற்குள் பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் பெண்ணைத் தாழ்த்தும் பணிவிதிகள் அனைத்தையும் தாமதமின்றித் திருத்தும்படி அரசுக்கு அத்தீர்ப்பிலேயே எழுதிவிட்டார்.