கடுகு டப்பாக் காசும் முகப்பூச்சும்

பதினெட்டு வயதுப் பெண் கண்ணாடி முன் நின்றால் வீடு சிரிக்கிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண் அதே கண்ணாடி முன் நின்றால் வீடு முகம் சுளிக்கிறது. "இந்த வயசுல என்ன மினுக்கு வேண்டிக் கிடக்கு?" என்ற ஒரே கேள்வியில் அவள் வாய் அடைக்கப்படுகிறது. வாய்தான் அடைபடுகிறதே தவிர, கவலை அடைபடுவதில்லை. கன்னத்தில் படரும் மங்கும், காலில் விழும் வெடிப்பும், கையில் தோன்றும் சுருக்கமும் அவளைக் கேட்டுக்கொண்டா வருகின்றன? ஆகவே அவள் யாரிடமும் சொல்லாமல் கடுகு டப்பாவில் சேர்த்த காசை எடுத்து, யாருக்கும் தெரியாமல் ஒரு முகப்பூச்சை வாங்கி வந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள்.

நடுவயதுப் பெண் தன் தோலுக்குச் செலவு செய்வது தவறன்று. அதை மறைத்துச் செய்ய வேண்டியிருப்பதுதான் தவறு. வீட்டுக் கணக்கில் எழுதப்படாத செலவே உடம்பைக் கெடுக்கும் செலவாக முடிகிறது என்பது என் துணிபு. வேதியியல் கற்பிப்பவள் என்ற முறையிலும், அந்த வயதை நானும் எட்டிவிட்டவள் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

முதலில் இயற்கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதளவில் மாதவிலக்கு நின்றுபோகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறையத் தொடங்கும். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறத்தாழ முப்பது விழுக்காடு வரை குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தோல் மெலிகிறது, ஈரம் தங்குவதில்லை, அரிப்பு எடுக்கிறது. மங்கு என்று நாம் சொல்லும் பழுப்புப் படலத்திற்குச் சுரப்பு மாற்றங்களும் பரம்பரையும் காரணமாகலாம். அதை வளர்த்துவிடுவது வெயில். ஆக, இது மினுக்கும் ஆசையால் வந்த வினையன்று. உடலின் ஒரு பருவ மாற்றம். குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வீடே பேசுகிறது. தாய்க்கு இந்த மாற்றம் வரும்போது மட்டும் வீடு ஏன் ஊமையாகிவிட வேண்டும்?

இனி நம் பகுதிக்கு வருவோம். வள்ளூரிலே மூன்று அலகுகளும் 1,500 மெகாவாட் திறனும் கொண்ட அனல் மின் நிலையம் நிற்கிறது. கும்மிடிப்பூண்டியிலே சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. இவற்றுக்கு இடையே பொன்னேரி வட்டத்தின் நெல் வயல்கள். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. தெற்கே எண்ணூர்க் கழிமுகம். நாற்று நடுகிற பெண், செங்கற்சூளையில் மண் சுமக்கிற பெண், கழிமுகத்து நீரில் மார்பளவு நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண், தொழிற்சாலை வேனுக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் காத்து நிற்கிற பெண் ஆகிய எல்லாருக்கும் பொதுவாக இருப்பது வெயில். வீட்டுக்கு வந்தால் அடுப்பு வெக்கை. அந்த வெக்கையும் மங்கை அதிகப்படுத்தக்கூடும். இவர்கள் முகத்துக்குத் தேவைப்படுவது வெண்மையா, நிழலா என்று சற்றே எண்ணிப் பாருங்கள்.

கடைத்தெரு நமக்கு நிழலை விற்கவில்லை, வெண்மையைத்தான் விற்றது. 1975ஆம் ஆண்டு இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி என்ற முகப்பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் தமிழகத்து நிறுவனமாகிய கெவின்கேர் 1998இல் ஃபேர்எவர் என்ற பூச்சுடன் போட்டிக்கு வந்தது. கடலூரிலே பிறந்த சிறு பாக்கெட் வாணிகம் ஷாம்பூவைக் குடிசைக்கும் கொண்டு சேர்த்தது; அதே வழியில் முகப்பூச்சும் பெட்டிக்கடைச் சரமாகத் தொங்கலாயிற்று. கருப்பாயிருந்தால் வேலை கிடைக்காது, மணம் முடியாது என்று பல ஆண்டுகள் விளம்பரங்கள் நமக்குப் பாடம் நடத்தின. இதை எதிர்த்து 2009இல் 'கருமையே அழகு' என்னும் பொருள்பட ஓர் இயக்கம் சென்னையிலிருந்து புறப்பட்டது. 2014இல் விளம்பரத் துறையின் தன்னொழுங்கு மன்றமே, கருநிறத்தாரைத் தாழ்த்திக் காட்டலாகாது என்று விதி வகுத்தது. 2020 சூலையில் அந்தப் பழைய பூச்சின் பெயரிலிருந்த 'ஃபேர்' நீங்கி, அது 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறியது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக நம் மனத்தில் ஊறிப்போன பாடம் பெயரோடு மாறிவிடுமா?

பெயர் தெரிந்த பூச்சுகளைவிட நான் அஞ்சுவது பெயர் தெரியாத டப்பாக்களுக்கே. அவற்றில் இருவகை நஞ்சைக் காண்கிறோம்.

ஒன்று, ஸ்டீராய்டு கலந்த மருந்து. அதே 1975இல்தான் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து நிறத்திட்டுகளுக்கு மருந்து கண்டார்கள். மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்து வகை அது. நம் நாட்டிலோ அவ்வகைக் கலவைகள் அழகுப் பூச்சு போலவே கைமாறின. தோல் மருத்துவர்கள் விடாமல் குரல் கொடுத்ததன் பயனாக, 2018இல் நடுவணரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது.

மற்றொன்று, பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்குகிறது. ஆகவே முகம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் முகத்தோடு நின்றுவிடுவதில்லை. தோல் வழியே உள்ளிறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்து மருத்துவர்கள் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகையொன்று இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் வெண்மைப் பூச்சு பூசி வந்தவர்கள். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடுக்கின்றன. 2023இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென முடிவு செய்தன. சட்டம் இருக்கிறது. ஆனால் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் டப்பாவைச் சட்டம் எப்படிப் பார்க்கும்?

கும்மிடிப்பூண்டி மின்தொடர்வண்டியின் மகளிர் பெட்டியில் என்னோடு பயணம் செய்யும் ஓர் அம்மையார் உண்டு. தொழிற்சாலையொன்றில் துப்புரவுப் பணி. ஒரு நாள் அவர் முகம் செக்கச் சிவந்து, மேலுதட்டில் மயிர் அரும்பிக் காணப்பட்டது. மெல்ல விசாரித்தேன்.

"பத்தே நாள்ல மங்கு போயிடும்னு சொல்லிக் குடுத்தாங்க டீச்சர். போச்சு. நிறுத்தினா எரியுது, பரு கெளம்புது. அதான் விடாம பூசறேன்."

"வீட்டில் தெரியுமா அம்மா?"

"ஐயோ, தெரிஞ்சா தொலைஞ்சேன்! வயசுக்கு வந்த பொண்ண வெச்சுக்கிட்டு ஒனக்கு இது கேக்குதான்னு கேப்பாரு."

டப்பாவில் சேர்மானப் பட்டியல் இல்லை. தயாரித்தவர் முகவரி இல்லை. உரிம எண் இல்லை. இத்தகைய பொருளை நூறு பேர் அறிய யாரும் விற்க முடியாது. வாங்குகிறவள் வெட்கப்பட்டுப் பேச மாட்டாள் என்ற நம்பிக்கையிலேதான் அந்த வாணிகம் நடக்கிறது. கணவரிடம் சொல்லக் கூசியவள் மருத்துவரிடம் எப்படிச் சொல்வாள்? அவள் ஏமாந்ததற்கு அறியாமை பாதிக் காரணம். வீட்டின் ஏளனம் மறு பாதி.

இந்த மறைவினால் வரும் கேடு இன்னும் ஒன்று உண்டு. தோல் பல வேளைகளில் உள்ளுறுப்புகளின் தூதுவனாக வருகிறது. நாம் தூதுவனுக்கே வெள்ளையடித்து விடுகிறோம். கழுத்தின் பின்புறம் வெல்வெட்டுப் போலத் தடித்துக் கறுப்பது அழுக்கன்று. பல நேரம் அது சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பு. பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்தாலும் போகாது; இரத்தச் சோதனைதான் வேண்டும். தோல் வறண்டு, முடி கொட்டி, உடல் பருத்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். ஒட்டும் பொட்டு வைத்த இடம் வெளுத்தால், பொட்டின் பசையிலுள்ள வேதிப்பொருளை ஐயுற வேண்டும். நரைக்குச் சாயம் பூசத் தொடங்கிய பின் நெற்றியோரம் அரித்துக் கறுத்தால், சாயத்திலுள்ள பாரா பினைலீன் டை அமீன் காரணமாக இருக்கலாம். இவற்றில் எதற்கும் வெண்மைப் பூச்சு மருந்தாகாது.

சரி, எப்படித்தான் செலவு செய்வது? வாரம் 40 ரூபாய் பூச்சுக்குப் போகிறது எனக் கொள்வோம். ஆண்டுக்கு 2,080 ரூபாய். பத்தாண்டில் 20,800 ரூபாய். ஒரு சிறு குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. இதே பணத்துக்கு நான் வேறொரு வரிசை சொல்வேன்.

முதற்செலவு நிழலுக்கு. ஒரு நல்ல குடை, முகத்தை மறைக்கும் பருத்தித் துணி. இயன்றால் எஸ்.பி.எஃப். 30 உள்ள வெயில் காப்புப் பூச்சு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீள அளவு, வெளியில் கிளம்பக் கால்மணி நேரம் முன்பு. மங்கு உள்ளவர்களுக்கு இதைவிட முதன்மையான மருத்துவம் இல்லை. இரண்டாம் செலவு ஈரத்துக்கு. குளித்ததும் தோல் ஈரமாயிருக்கும்போதே கை கால்களில் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால் போதும், பித்தவெடிப்புக்கும் அதுவே. சர்க்கரை உள்ளவர்கள் வெடிப்பை அலட்சியம் செய்யலாகாது. மூன்றாம் செலவு மருத்துவருக்கு. ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைச் சோதனைக்குக் கட்டணமில்லை. திருவள்ளூரிலே 2022 சனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பெயரில்லாப் பூச்சுக்குப் பழகிவிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தித் தவிக்காமல், அந்த டப்பாவையே கையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது நலம். இவையெல்லாம் போக மிஞ்சினால் மணத்துக்கும் மனத்துக்கும் பிடித்ததை வாங்கட்டும், யார் வேண்டாமென்றது?

"பாட்டி காலத்து மஞ்சளும் பயத்தமாவும் இருக்க, கடைச் சரக்கு எதற்கு?" என்பர் சிலர். பயத்தமாவு நல்லது, மஞ்சளும் பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாது. ஆனால் வெயிலைத் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து புண்ணாகும். பழமை என்பதாலேயே எல்லாம் மருந்தாகிவிடாது. "அழகுப் பொருளே அடிமைத்தனம், ஒன்றும் வாங்காதே" என்பர் வேறு சிலர். வாங்காதே என்று சொல்பவரும் அவளிடம் கேட்டுச் சொல்லவில்லை. வாங்கு என்று சொன்ன விளம்பரமும் கேட்டுச் சொல்லவில்லை. அரிக்கிற தோல் அவளுடையது. முடிவும் அவளுடையதாக இருக்கட்டும். நாம் தர வேண்டியது செய்தியும் துணையுமே.

2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, வீட்டிலே உழைக்கும் பெண்ணின் கைக்கு அவள் பெயரிலேயே பணம் வருவது உரிமை என்று நாடே பேசிற்று. பணம் பெறுவது உரிமையென்றால், அதில் தன் உடம்புக்கென்று ஒரு பங்கைக் கூச்சமின்றிச் செலவிடுவதும் உரிமைதான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கைப்பேசியில் வெயில் காப்புப் பூச்சைப் பற்றி எவ்வளவோ படிக்கிறீர்கள். உங்கள் தாயாரின் முகத்தில் மங்கு எப்போது வந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த மாதச் சாமான் பட்டியலை எழுதும்போது, அரிசி, பருப்பு, எண்ணெய்க்குக் கீழே "அம்மாவுக்கு" என்று ஒரு வரி எழுதுங்கள். என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால், என்ன பூசி வருகிறார் என்று அன்போடு கேளுங்கள். டப்பாவை வாங்கிச் சேர்மானத்தைப் படித்துச் சொல்லுங்கள். கல்லூரிக்கு வந்து நீங்கள் கற்ற வேதியியல் அந்த ஒரு நாளைக்கு உதவினாலும் போதும்.