எஸ்கேப் ரூம் போறீங்களா? போஸ்டரை அப்புறம் பாருங்க, கூட வர்றவங்களை முதல்ல பாருங்க!

போன தீபாவளி லீவில் சித்தியையும் இழுத்துக்கொண்டு கசின்ஸ் எல்லோரும் சென்னையில் ஓர் எஸ்கேப் ரூமுக்குப் போனோம். மொத்தம் ஏழு பேர். ஐந்து தீம்களில் பேய் பங்களாதான் வேணும் என்று பெரியப்பா மகன் ஒற்றைக்காலில் நின்றான். மற்றவர்கள் 'சரி, ஏதோ ஒண்ணு' என்று தலையாட்டினோம். எட்டாவது நிமிடம் விளக்கு அணைந்தது. அலமாரிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. சித்தி வெளியே போய்விட்டார். மீதி நேரம் முழுக்க ரிசப்ஷனில் உட்கார்ந்து எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்கென்ன, நீங்க சந்தோஷமா இருந்தா சரி" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று குடும்பத்தோடு வளர்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அன்று நாங்கள் செய்த தப்பு ஒன்றுதான். கூட்டத்திலேயே சத்தமாகப் பேசியவருக்காக அறையைத் தேர்ந்தெடுத்தோம். தயங்கி நின்றவரை யாரும் கேட்கவில்லை.

இதுவரை போகாதவர்களுக்குச் சுருக்கமாக: உங்கள் குழுவை ஓர் அறைக்குள் விடுவார்கள். பெரும்பாலும் 60 நிமிடம். அறையைத் தேடி, புதிர்களை அவிழ்த்து, ஒவ்வொரு பூட்டாகத் திறந்து கடைசிக் கதவுக்கு வர வேண்டும். வெளியே கேம் மாஸ்டர் ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். திணறினால் வாக்கி டாக்கியிலோ திரையிலோ க்ளூ கொடுப்பார். இதன் வேர் கம்ப்யூட்டர் கேமில் இருக்கிறது. 2004இல் தோஷிமிட்சு தகாகி உருவாக்கிய 'க்ரிம்ஸன் ரூம்' என்ற ஃப்ளாஷ் கேமை பிரவுசிங் சென்டரில் ஆடியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தகாவோ கதோ அந்த மாதிரி விளையாட்டை நிஜ அறைக்குக் கொண்டுவந்தார். 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் 'பாராபார்க்' தொடங்கியது. அதன் பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவி, இன்று நம்ம ஊர் மால்கள் வரை வந்தாச்சு.

தீம் ஒரு சட்டை மாதிரி

எகிப்து கல்லறை, வங்கிக் கொள்ளை, ஜெயில், அணுகுண்டு, மந்திரப் பள்ளி என்று போஸ்டர்கள் வேறு வேறாக இருக்கும். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் அதே நான்கு இலக்கப் பூட்டு, அதே புற ஊதா டார்ச், அதே காந்தப் பெட்டி. ஆகவே 'எந்தக் கதை பிடிக்கும்?' என்பதைவிட, அந்த அறை உங்கள் உடம்பிடமும் மனசிடமும் என்ன கேட்கும் என்பதுதான் முக்கியம். இருட்டா? தவழ்ந்து போகணுமா? குழுவைப் பிரிப்பார்களா? நிறைய படிக்கணுமா? போஸ்டர் இதையெல்லாம் சொல்லாது.

திகில் தீமையே எடுத்துக்கொள்வோம். எஸ்கேப் ரூமில் பாதி வேலை தேடுவதுதான். மேஜைக்கு அடியில், புத்தகத்துக்கு நடுவில், படத்துக்குப் பின்னால் என்று ஆளுக்கொரு மூலையில் துழாவ வேண்டும். பயந்தவர்கள் துழாவ மாட்டார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டார்ச் ஒருவர் கையில் இருக்கும். அவர் மட்டும் விளையாடுவார், மற்றவர்கள் பின்னால் ஊர்வலம் போவார்கள். அறையில் நிஜமாகவே ஒரு நடிகர் பேய் வேஷத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று நான்கு பேர், எல்லோருமே ஆசைப்பட்டு வந்தவர்கள் என்றால் இது அட்டகாசமான அனுபவம். ஆனால் மற்ற தீம்களுக்கு ஓட்டெடுப்பு போதும், திகிலுக்கு மட்டும் போதாது என்பது என் கட்சி. ஆறு பேர் ஆமாம் சொல்லி ஒருவர் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். 'வந்து பாரு, ஜாலியா இருக்கும்' என்று இழுக்காதீர்கள். அதிலும் மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுபவர்கள், வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால், மின்னும் விளக்கும் திடீர் சத்தமும் உண்டா என்று கேட்காமல் எந்த அறையையும் புக் செய்யக் கூடாது.

ஜெயில் தீம் வேறு ரகம். பல இடங்களில் குழுவை இரண்டு செல்களாகப் பிரித்து, கையில் விலங்கும் மாட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் தெரியும் குறியீட்டை மறுபக்கம் இருப்பவருக்குக் கத்திச் சொல்ல வேண்டும். நெருங்கிய நண்பர்களுக்கு இது செம ஜாலி. ஆனால் அலுவலக 'டீம் பில்டிங்' என்று போய், போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணை மேனேஜரோடு சேர்த்து விலங்கில் பூட்டுவது சங்கடம். அந்தப் பெண் அதை வெளியே சொல்லவும் மாட்டார். ஆபீஸ் கூட்டத்துக்கு வங்கிக் கொள்ளை, ஆய்வகம் மாதிரி எல்லோரும் ஒரே வெளிச்சமான அறையில் நின்று செய்கிற தீம் நல்லது. இன்னொரு விஷயம், மேனேஜர் கையில் பூட்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்!

க்ளூ எந்த மொழியில்?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம்ம ஊரில் பல எஸ்கேப் ரூம்களில் கடிதம், டைரி, சுவரில் எழுதிய விடுகதை எல்லாமே ஆங்கிலத்தில்தான். அதுவும் சாதாரண ஆங்கிலம் இல்லை, சொல் விளையாட்டு. ஆங்கிலத்தில் 'சி' என்ற எழுத்து, 'பார்' என்ற சொல், 'கடல்' என்ற சொல் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. இதை வைத்து ஒரு புதிர் போட்டால், தமிழ் மீடியத்தில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பையன் என்ன செய்வான்? எத்தனை புத்திசாலியாக இருந்தாலும் சும்மா நிற்பான். அம்மா அப்பாவும் அப்படியே. காசு கொடுத்துப் போய், தனக்கு மூளை இல்லை என்ற நினைப்போடு வெளியே வருவார்கள். குற்றம் அறையின் மீதுதான்.

குடும்பத்தோடு போகிறவர்கள் 'பேய் வேண்டாம், டிடெக்டிவ் போகலாம், சேஃப்' என்று நினைப்பது வழக்கம். உண்மையில் படிக்க வேண்டிய காகிதம் அதிகம் இருப்பது டிடெக்டிவ் அறைகளில்தான். போலீஸ் ரிப்போர்ட், சாட்சி வாக்குமூலம், பேப்பர் கட்டிங் என்று குவிந்திருக்கும். மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் தாத்தா அதைப் படிக்க முடியாது. புதையல், மியூசியம், கல்லறை மாதிரி தீம்களில் பொருளைத் தூக்கி, திருப்பி, அடுக்கிச் செய்கிற புதிர்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பொங்கலுக்கு மறுபடியும் சித்தியைக் கெஞ்சிக் கூட்டிப் போனோம். இந்தத் தடவை மியூசியம் தீம். நான்கு துணி மூட்டைகளை எடை வரிசையில் அடுக்க வேண்டும். நாங்கள் தராசைத் தேடி அறையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். சித்தி நான்கையும் கையில் வாங்கிப் பார்த்து, "இது ஒரு கால் கிலோ கூட" என்று சொல்லி வரிசையாக வைத்தார். பெட்டி திறந்துகொண்டது. தராசு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. 'இரண்டு முதல் எட்டு பேர் வரை' என்று போட்டிருப்பார்கள். சின்ன அறையில் எட்டுப் பேர் நின்றால் நான்கு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒரு புதிர் முடிந்தால்தான் அடுத்தது என்ற அமைப்பில் இது இன்னும் மோசம். நான்கைந்து பேர் சரியான அளவு. அதற்கு மேல் என்றால் இரண்டாகப் பிரிந்து இரண்டு அறை எடுத்து, யார் முதலில் என்று பந்தயம் கட்டுங்கள். குட்டிப் பசங்க இருந்தால் அவர்களையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேருங்கள். மேஜைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சாவி அவர்கள் உயரத்துக்குத்தான் முதலில் தெரியும்.

கதவு

பசங்க பிறந்தநாளை எஸ்கேப் ரூமில் கொண்டாடும் வழக்கம் நம்மிடமும் வந்துவிட்டதால் இதைச் சொல்லியாக வேண்டும். 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் தீ விபத்தில் உயிரிழந்தார்கள். தீப்பிடித்தது அறைக்கு வெளியே. அவர்களால் வெளியேற முடியவில்லை. அதன் பிறகு அந்நாடு முழுக்க எஸ்கேப் ரூம்களில் பாதுகாப்புச் சோதனை நடத்தி, பலவற்றை மூடினார்கள். இங்கே 2024 மே மாதம் குஜராத்தின் ராஜ்கோட்டில் எரிந்தது எஸ்கேப் ரூம் அல்ல, கேம் ஸோன். ஆனால் குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த இடம் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றிதழ் இல்லாமல் ஓடியது.

'அடைத்து வைப்பது' என்பதே விளையாட்டாக இருக்கும் இடத்தில், அந்த அடைப்பு நடிப்பாக மட்டுமே இருக்க வேண்டும். ஒழுங்காக நடத்தும் இடங்களில் நீங்கள் நுழைந்த கதவை எப்போது வேண்டுமானாலும் திறந்து வெளியே வரலாம், இல்லையென்றால் அருகிலேயே ஒரு பட்டன் இருக்கும். விளையாட்டுக்கு முன்பே அதைக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் காட்டச் சொல்லுங்கள். விலங்கு மாட்டினால், சாவி இல்லாமல் அதைக் கழற்றும் வழியையும் கேளுங்கள். குழந்தைகள் மட்டும் உள்ளே போகிறார்கள் என்றால், பெரியவர் ஒருவர் கேமரா திரைக்கு முன்னால் கேம் மாஸ்டர் பக்கத்தில் உட்கார முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

ஆன்லைனில் புக் செய்வதற்கு முன் ஒரு ஃபோன் போட்டால் போதும், இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நடிகர் வருவாரா, தவழணுமா, க்ளூவை தமிழில் சொல்வீர்களா என்று கேட்டுவிட்டு, கடைசியாக ஒன்று கேளுங்கள்: "கரண்ட் போனா கதவு என்ன ஆகும்?" மின்சாரம் நின்றதும் தானாக விட்டுவிடும் காந்தப் பூட்டுதான் அங்கே இருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் உடனே சொல்லிவிடுவார். "அதெல்லாம் போகாது மேடம், ஜெனரேட்டர் இருக்கு" என்று பதில் வந்தால், லிஸ்ட்டில் இருக்கும் அடுத்த இடத்துக்கு ஃபோன் போடுங்கள்.