வசூலுக்கு ஒரே ஆள்

வேலையில் இருந்த ஒன்பது வருடமும் வாரத்துக்கு ஒரு அழைப்பாவது வந்துவிடும். "சார், உங்களுக்கு கிரெடிட் கார்டு ப்ரீ-அப்ரூவ்டு ஆகியிருக்கு சார்." மீட்டிங்கில் இருக்கிறேன் என்றால் நாலு மணிக்கு மறுபடி வரும். என் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தபோதுகூட ஒன்று வந்தது. நான் எப்படிப்பட்டவன், வாங்கினால் திருப்பிக் கட்டுவேனா என்று அவர்களில் ஒருவரும் விசாரித்ததில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் விழுகிற ஒரு கணக்கு, அதற்கு மேலே ஒரு பெரிய கம்பெனியின் பெயர். அவ்வளவு போதும்.

போன வருடம் வேலையை விட்டேன். கோயம்புத்தூரில் வீட்டு மாடியில் ஒரு மேஜை, இரண்டு திரை, இன்வெர்ட்டர், வாசலில் சின்னதாக ஒரு பெயர்ப்பலகை. சட்டத்தின் கண்ணில் இது புரொப்ரைட்டர்ஷிப், அதாவது தனிநபர் உரிமை நிறுவனம். மளிகைக்கடை, லேத் பட்டறை, தையல் கடை எல்லாம் எந்த வகையோ அதே வகை. மூன்று மாதத்தில் அழைப்புகள் நின்றுபோயின. முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

எட்டாவது மாதம் நானே போய்க் கேட்க வேண்டி வந்தது. என் தொழிலில் சர்வர் வாடகை டாலரில் போகிறது. மாதம் முடிந்ததும் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், பொறுத்திருக்க மாட்டார்கள். எனக்கு வர வேண்டிய பணமோ அறுபது நாளிலும் வரும், தொண்ணூறு நாளிலும் வரும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள், அடுத்த புராஜெக்ட் வேறு ஆளுக்குப் போயிருக்கும். இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் பிசினஸ் கார்டு. வாங்கிய நாளிலிருந்து நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாத தவணை. நான் கேட்டது அந்த நாட்களை மட்டும்தான்.

விண்ணப்பத்துக்கு முதலில் நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு வேண்டும். நடப்புக் கணக்கு தொடங்க நிறுவனத்தின் பெயரில் இரண்டு ஆவணம் வேண்டும். ஜிஎஸ்டி சான்று, உதயம் சான்று இரண்டும் இருந்தன. அப்புறம் சீல். டவுன்ஹால் பக்கம் போய் "புரொப்ரைட்டர்" என்று கீழே போட்ட ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கிவந்தேன். என் கையெழுத்தை நானே அத்தாட்சி செய்வதற்கு ஒரு ஸ்டாம்ப்! இருபத்தேழு இடங்களில் குத்தினேன். ஒரு இடத்தில் தலைகீழாக விழுந்துவிட்டது என்று அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி வாங்கினார்கள்.

பிறகு கேட்டார்கள், "சார், ஆடிட் பண்ணின பேலன்ஸ் ஷீட் இரண்டு வருஷத்துக்கு?"

இங்கேதான் எனக்குக் கோபம் ஆரம்பித்தது. வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. என்னைப் போன்ற தொழில்முறையாளர்களின் ஆண்டு வரவு குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், அதில் பாதியை லாபம் என்று கணக்கு வைத்து வரி கட்டிவிடலாம். பேரேடு எழுத வேண்டாம், ஆடிட் வேண்டாம். சின்ன ஆளுக்குக் கணக்குப்பிள்ளை செலவு வேண்டாமே என்று அரசாங்கம் யோசித்துச் செய்த ஏற்பாடு. அந்தச் சலுகையை நம்பி வரி கட்டியவனிடம் வங்கி வந்து, எழுத வேண்டாம் என்று சட்டம் சொன்ன அதே பேரேட்டைக் கேட்கிறது. இல்லையென்றால் வருமானம் நிரூபிக்கப்படவில்லையாம். வரி வாங்கும்போது போதுமான அளவுக்கு நிரூபணமாகியிருந்த வருமானம் அது.

மூன்று வாரம் கழித்து கிளையிலிருந்து ஒரு பையன் பேசினான். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன். "சார், உங்க ப்ரொஃபைல் சூப்பர் சார். ஸ்கோரும் நல்லா இருக்கு. ஆனா சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார்."

"ஏன் எடுக்கலை?"

"அது தெரியாது சார். சிஸ்டம் சார்."

வேறு யாராவது இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அது முடியாது. காரணம், சிஸ்டம் எனக்குத் தெரிந்த ஆள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பங்களை வடிகட்டுகிற மென்பொருளில் வேலை பார்த்தேன். ஒருநாள் மதியம் ஒரு எக்செல் வந்தது. முதல் தாளில் நிபந்தனைகள். தொழில் வகை சுயதொழிலா, வீடு வாடகையா, தொழில் தொடங்கி மூன்று வருடம் ஆகவில்லையா, அப்படியானால் நிராகரி. இரண்டாவது தாளில் பின்கோடு பட்டியல், தலைப்பு "நெகட்டிவ் ஏரியா". அதில் இருக்கிற பின்கோடு என்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம், நிராகரி. நான் நாலு இஃப் எழுதினேன். டெஸ்ட் எல்லாம் பச்சையாக வந்தது. கீழே போய் டீ குடித்தேன். அந்தப் பட்டியலைப் படிக்கிற நிரலை எழுதியவன் நான், ஆனால் பட்டியலில் என்னென்ன ஊர்கள் இருந்தன என்று திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. என் அப்பா அப்போது கணபதியில் வாடகைக் கட்டடத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். வாடகை வீடு, சுயதொழில். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர். அந்த லேத்தில் சம்பாதித்த காசில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். அந்த நாலு இஃப்பில் முதல் இரண்டைத் தாண்டுவதற்குக்கூட அவருக்கு மூன்று வருடக் கணக்கைக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அவரிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஆகவே "சிஸ்டம் எடுக்கவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிஸ்டம் எதையும் எடுக்காது, தள்ளாது. ஒருவர் எக்செல் அனுப்புகிறார், ஒருவன் அதை எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறான். கிளையில் இருக்கும் பையனுக்கு நிஜமாகவே காரணம் தெரியாது. தெரிந்தவர்கள் கிளைக்கு வருவதில்லை.

சரி, அந்த எக்செல்லுக்குப் பின்னால் இருக்கும் தர்க்கத்தைப் பார்ப்போம். தனி ஆள் நிறுவனத்துக்குக் கொடுப்பது ஆபத்து, கம்பெனிக்குக் கொடுப்பது பரவாயில்லை என்பது அது. சட்டம் என்ன சொல்கிறது? புரொப்ரைட்டர்ஷிப்புக்கு தனியாக பான் எண் கிடையாது, என்னுடையதுதான் அதனுடையது. அது கடன்பட்டால் நான் கடன்பட்டேன். என் சேமிப்பு, என் வண்டி, நாளைக்கு நான் வாங்கப்போகிற வீடு எல்லாம் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும். வரம்பே கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு அழகான இடம் உண்டு, 30ஆவது ஆணை, 10ஆவது விதி. தனி ஆள் நடத்தும் நிறுவனத்தின் மேல் அந்த நிறுவனப் பெயரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் அதே நிறுவனப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நான் யார்மேலும் வழக்குப் போட முடியாது, என் பெயரில்தான் போக வேண்டும். அடி வாங்குவதற்கு அந்தப் பெயர் போதும், திருப்பிக் கேட்பதற்குப் போதாது.

கம்பெனி எப்படி? லண்டனில் ஆரன் சாலமன் என்று ஒரு செருப்புத் தயாரிப்பாளர் இருந்தார். என்னைப் போலத் தனி ஆளாகத் தொழில் செய்துகொண்டிருந்தவர். 1892இல் அந்தத் தொழிலையே ஒரு லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். பங்குதாரர்கள் அவர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள். அதே பட்டறை, அதே தோல், அதே ஆள். தொழில் நொடித்தது. கடன் கொடுத்தவர்கள் அவரைப் பிடித்தார்கள். 1896இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: கம்பெனி வேறு, சாலமன் வேறு, கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பில்லை. இன்றைக்கும் கம்பெனிச் சட்டம் படிக்கிறவர்கள் முதலில் படிக்கிற வழக்கு இது.

இப்போது சொல்லுங்கள், வங்கிக்கு எந்தச் சாலமன் பத்திரம்? தன் முழுச் சொத்தோடும் முன்னால் நின்ற பழைய சாலமனா, கடனுக்கும் தனக்கும் நடுவே சுவர் கட்டிக்கொண்ட புதிய சாலமனா? வங்கிகள் கம்பெனிகளிடமும் இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தை வாங்கிக்கொள்ளும், தெரியும். அப்படியென்றால் என்ன அர்த்தம்? லிமிடெட் ஆளைப் பிடித்து, வரம்பில்லாத ஆளாக, அதாவது என்னைப் போன்ற ஆளாக மாற்றிய பிறகுதான் அவருக்குக் கடன். பிறவியிலேயே அப்படி வந்து நிற்கிறவனுக்கு வாசல் மூடியிருக்கிறது. கொடுக்க வேண்டிய நேரத்தில் "உங்க நிறுவனத்துக்கு வயசு போதாதே சார்" என்று என்னையும் நிறுவனத்தையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். பதினைந்து வருடமாக ஒரு தவணைகூடத் தவறாத என் கணக்கு அப்போது உதவிக்கு வராது. வசூல் என்று வரும்போது மட்டும் இருவரும் ஒரே ஆள்.

வருமானம் ஒரே சீராக இல்லையே என்பார்கள். இல்லைதான். ஒரு மாதம் கொட்டும், ஒரு மாதம் காயும். ஆனால் சம்பளக்காரர் யார்? ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துத் தொழில் நடத்துகிறவர். அந்த ஒரு வாடிக்கையாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜூம் கால் போட்டு அனுப்பிவிட்டால் வருமானம் பூஜ்யம். கடந்த சில வருடங்களில் என் வாட்ஸ்அப் குழுக்களில் அப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். எனக்கு ஏழு வாடிக்கையாளர்கள். இரண்டு பேர் போனாலும் வீட்டு அரிசிக்குப் பஞ்சம் வராது. இதைப் பார்க்க வங்கிக்கு வழியில்லையா? என் ஜிஎஸ்டி தாக்கல், என் கணக்கில் வந்து போகும் ஒவ்வொரு ரூபாய், எல்லாவற்றையும் என் சம்மதத்தோடு இழுத்துப் பார்க்க அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு 2021லிருந்து இருக்கிறது. ஒரு ஒப்புதல் தட்டினால் போதும். ஆனால் பார்த்தால் யோசிக்க வேண்டிவருமே. சம்பளச் சீட்டுக்கு யோசனை தேவையில்லை.

"மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடுகிற கார்டுக்காகவா இத்தனை அழுகை?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் ஊர்க் கணக்கில் அது மூன்றரை வட்டி. வட்டிக்கடை அண்ணாச்சி மூன்றரை கேட்டால் தெருவே வாயில் கைவைக்கும். கார்டு பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆக, பாக்கி வைப்பவனுக்கு கார்டு ஒரு கண்ணிதான். மறுக்கவில்லை. ஆனால் நாள் தவறாமல் கட்டுகிறவனுக்கு அது வட்டியில்லாத கைமாற்று. அது மறுக்கப்பட்டவன் சும்மா இருந்துவிடுவதில்லை, வேறு இடத்துக்குப் போகிறான்.

அப்பா போன இடம் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவிஎஸ் 50இல் ஒருவர் வருவார், ஒரு சின்ன அட்டையில் குறித்துக்கொண்டு போவார். பம்ப் கம்பெனி பணம் தர மூன்று மாதம் ஆகும். உருக்கு வாங்க இன்றைக்கே காசு வேண்டும். அதே இடைவெளிதான், எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தலைமுறை மட்டும்தான் வித்தியாசம். தண்டல்காரர் அவரிடம் பேலன்ஸ் ஷீட் கேட்டதில்லை. பட்டறையில் கால்மணி நேரம் உட்கார்ந்து லேத் ஓடுகிறதா என்று பார்த்தார், கொடுத்தார். வங்கி செய்ய மறுத்த கடன் ஆய்வை அவர் செய்தார், அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டார். அதீத வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அப்புறமும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, தீக்குளித்தது. வாங்கியவனுக்கு வேறு வாசல் இருந்ததா என்று கேட்காமல் வட்டிக்காரனை மட்டும் திட்டுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது.

2025 பட்ஜெட்டில் உதயம் பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள கிரெடிட் கார்டு, முதல் வருடத்தில் 10 லட்சம் பேருக்கு, என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. கொடுக்கப்போவது வங்கிகள். எக்செல்லை மாற்றாமல் கார்டின் பெயரை மட்டும் மாற்றினால் யாருக்குக் கிடைக்கும் என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை.

கிளையில் எனக்கு ஒரு மாற்று வழி சொன்னார்கள். ஒரு லட்சம் வைப்புத்தொகை போட்டால் அதன் மேல் எண்பதாயிரம் வரம்புக்குக் கார்டு. என் பணத்தில் எண்பது சதவீதத்தை எனக்கே கடனாகக் கொடுக்கும் கருணை. வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவனுக நமக்குக் குடுக்க மாட்டானுக கண்ணு."

"ஏன்னு கேட்டிருக்கீங்களாப்பா?"

"கேக்கறதா? உள்ளயே விட மாட்டான், எங்க போய் கேக்கறது."

நான் கேட்டேன். கார்டு விண்ணப்பத்தை நிராகரித்தால் எந்தக் குறிப்பிட்ட காரணத்தால் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் ஆணை சொல்கிறது. விதியை மேற்கோள் காட்டி, சீல் குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினெட்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "எங்கள் உள் கொள்கையின்படி." இது காரணம் இல்லை, எந்த நிபந்தனையில் நின்றது என்று சொல்லுங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். அந்த மாதிரி நிபந்தனைகளை நானே எழுதியிருக்கிறேன், அதனால் அவை பெயரும் எண்ணும் போட்டுத்தான் சேமிக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் என்று. இன்றோடு இருபத்திரண்டு நாள்.