ஓடும் இரயிலைக் காக்கும் கைகள்

புதிய இரயில் ஒன்று ஓடத் தொடங்கும் நாளில் மக்கள் ஆர்வத்துடன் திரண்டு வருவர், படம் எடுப்பர், நாளிதழ்களும் அதைப் பற்றி எழுதும். அதே இரயில் முப்பது ஆண்டுகள் ஒழுங்காக ஓடினால், அதை யாரும் செய்தியாகக் கருதுவதில்லை. ஆனால், ஒரு நாட்டின் பொதுப் போக்குவரத்து எவ்வளவு சிறந்தது என்பதை முதல் நாள் விழாவை வைத்து அளவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் தொடரும் பராமரிப்பே அதற்கு உரிய அளவுகோல். சிங்கப்பூரின் முதல் தலைமுறைப் பெருவிரைவு இரயில்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சிங்கப்பூருக்கு இரயில் தேவையா, பேருந்துகளே போதுமா என்ற விவாதம் 1970களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்தது. இறுதியில், 1982ஆம் ஆண்டு மே மாதம், ஏறத்தாழ 5 பில்லியன் வெள்ளி செலவில் பெருவிரைவு இரயில் கட்டமைப்பை உருவாக்க அரசாங்கம் முடிவு செய்தது. 1984இல், கவாசாக்கி நிறுவனத்தின் தலைமையிலான ஜப்பானிய நிறுவனங்களிடம் இரயில்களைத் தயாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இரயிலுக்கு ஆறு பெட்டிகள் என்ற கணக்கில் 66 இரயில்கள், அதாவது 396 பெட்டிகள் வாங்கப்பட்டன. இவை 'சி151' எனப் பெயர் பெற்றன. 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், இயோ சூ காங் முதல் தோ பாயோ வரையிலான ஐந்து நிலையங்களுக்கிடையே இவ்வகை இரயில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அன்று அது ஓடிய பாதையின் நீளம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான்.

அதன்பின், நாடு வளர வளர இரயில் பாதையும் வளர்ந்தது. 1996இல் உட்லண்ட்ஸ் வட்டாரத்திற்கும், 2009இல் ஜூ கூனுக்கும், 2017இல் துவாசுக்கும் பாதை நீண்டது. பழைய இரயில்களும் காலத்திற்கேற்ப மாறின. 2006 முதல் 2008 வரை அவை புதுப்பிக்கப்பட்டன. இருக்கைகள் சில அகற்றப்பட்டு, சக்கர நாற்காலியில் வருவோருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர், இரயில்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறைக்க உதவும் புதிய சமிக்ஞை முறைக்கு ஏற்பவும் அவை மாற்றியமைக்கப்பட்டன. தாத்தா பாட்டியர் இளமையில் வேலைக்குச் சென்ற அதே இரயிலில் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். 2025ஆம் ஆண்டில் இவ்வகை இரயில்கள் முற்றிலும் ஓய்வு பெற்றன.

ஏறத்தாழ 38 ஆண்டுகள் நீடித்த இந்தச் சேவை, தரமான இயந்திரத்தால் மட்டும் கிடைத்ததன்று. கடைசி இரயில் பணிமனைக்குத் திரும்பிய பிறகு, மறுநாள் அதிகாலையில் முதல் இரயில் புறப்படுவதற்குள் ஊழியர்களுக்குச் சில மணி நேரமே கிடைக்கும். நாடே உறங்கும் அந்த நேரத்தில்தான் தண்டவாளங்கள் சோதிக்கப்படுகின்றன. பணிமனைகளில் சக்கரங்களின் தேய்மானம் அளக்கப்படுகிறது. தடைக்கருவிகளும் கதவுகளும் சரிபார்க்கப்படுகின்றன. இவ்வேலையைச் சரியாகச் செய்து முடித்தால், காலையில் யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. அதனாலேயே அதன் அருமையும் பலருக்குத் தெரிவதில்லை.

பராமரிப்பில் குறை ஏற்பட்டால் என்னவாகும் என்பதையும் இவ்வரலாறு மறைக்கவில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 15, 17 ஆகிய நாள்களில் வடக்கு தெற்குப் பாதையில் இரயில்கள் நின்றுபோயின. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். இரயிலுக்கு மின்சாரம் தரும் தண்டவாளம் தன் பிடிப்பிலிருந்து நழுவித் தொய்ந்ததே அதற்குக் காரணம். பராமரிப்பில் குறைபாடுகள் இருந்ததை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. அதைத் தொடர்ந்து, மரத்தாலான பழைய தண்டவாளக் கட்டைகள் அகற்றப்பட்டுக் கான்கிரீட் கட்டைகள் பதிக்கப்பட்டன. மின்சாரம் தரும் தண்டவாளமும் மாற்றப்பட்டது. இதன் பயனை எண்களில் காணலாம். ஐந்து நிமிடங்களுக்கு மேற்பட்ட ஒரு தாமதத்திற்கும் அடுத்த தாமதத்திற்கும் இடையில், 2015இல் இரயில்கள் சராசரியாக 133,000 கிலோமீட்டர் ஓடின. 2019இல் அந்தத் தூரம் 10 இலட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது.

ஆயினும், ஒருமுறை பெற்ற வெற்றி என்றும் நிலைக்கும் என்று இருந்துவிட முடியாது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், முதல் தலைமுறை இரயில் ஒன்றின் சக்கர அச்சுப்பெட்டி கழன்று விழுந்தது. அதனால் 2.5 கிலோமீட்டர் நீளத்திற்குத் தண்டவாளம் சேதமடைந்தது. ஜூரோங் ஈஸ்ட், புவன விஸ்தா ஆகிய நிலையங்களுக்கிடையே ஆறு நாள்கள் சேவை தடைபட்டது. அச்சுப்பெட்டியிலிருந்த கிரீஸ் தரம் குன்றியது இதற்குக் காரணமாக இருக்கலாம் என விசாரணை கூறியது. பெரிய பழுதுபார்ப்புப் பணிகளுக்கிடையே இருந்த இடைவெளி நீட்டிக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பகுதி, பல இலட்சம் மக்களின் பயணத்தைத் தடுத்துவிட்டது.

"பழைய இரயில்களை ஏன் இவ்வளவு காலம் ஓட்ட வேண்டும்? விரைவிலேயே புதியவற்றை வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே" என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த இயந்திரத்திற்கும் ஓய்வு பெற வேண்டிய காலம் உண்டு. அதை உரிய நேரத்தில் உணர்வதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. ஆனால், புதியவை வந்தால் கவலை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. முதல் தலைமுறை இரயில்களுக்கு மாற்றாக 66 புதிய இரயில்களை வாங்க, 2018இல் 1.2 பில்லியன் வெள்ளி மதிப்பிலான ஒப்பந்தம் செய்யப்பட்டது. 'ஆர்151' எனப்படும் அவை 2023இல் சேவைக்கு வந்தன. தம் நிலையைத் தாமே கண்காணிக்கும் கருவிகள் அவற்றில் உள்ளன. கருவி எச்சரிக்கலாம், எச்சரிக்கையைக் கவனித்துப் பழுதை நீக்க மனிதர்தான் வேண்டும். இன்று பளபளக்கும் இரயிலும் ஒருநாள் பழையதாகும். அதை நன்கு பேணாவிட்டால் அந்த நாள் விரைந்து வந்துவிடும்.

ஆகவே, சில மாற்றங்கள் தேவை. முதலாவதாக, பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தையும் நேரத்தையும் வீண்செலவாகக் கருதக்கூடாது. பாதையின் ஒரு பகுதி பராமரிப்புக்காகச் சில நாள் மூடப்படும்போது, பயணிகள் முணுமுணுப்பதற்குப் பதிலாகப் பொறுமை காக்க வேண்டும். இரண்டாவதாக, பராமரிப்புப் பணியை இளையர் நாடத்தக்க மதிப்புமிக்க தொழிலாகச் சமுதாயம் போற்ற வேண்டும். மூன்றாவதாக, பழைய இரயில் பெட்டிகளைக் காட்சிக்கு வைக்கும்போது, இருக்கைகளையும் கைப்பிடிகளையும் மட்டும் காட்டினால் போதாது. பெட்டியின் அடியிலுள்ள சக்கரங்களையும் அச்சுகளையும் மாணவர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். அவற்றைக் காத்தவர்களின் வேலை எத்தகையது என்பதையும் விளக்க வேண்டும். ஓர் இரயிலின் உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது.

பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மூடும் கதவைக் கையால் தடுக்காமல் இருப்பதும், பழுதைக் கண்டால் ஊழியரிடம் தெரிவிப்பதும் எளிய செயல்களே. முதல் தலைமுறை இரயில்கள் தம் கடமையை முடித்துவிட்டன. அவற்றின் இடத்தில் ஓடும் இரயில்கள் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பது, அவற்றைப் பேணுவோரின் உழைப்பையும் அவ்வுழைப்புக்கு நாம் தரும் மதிப்பையும் பொறுத்தது.