ரயரின் வயதை நாமே பார்ப்போம்



போருக்குப் பின்னர் லீசிங்கில் ஒரு காரோ வானோ எடுத்து வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. வாகனத்தை ஓட்டுபவர் வேறொருவர். செலவும் பொறுப்பும் நம்முடையவை. ஆகவே இம்மாதம் ரயரைப் பற்றிக் கதைப்போம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்கள் நாம். சைக்கிள் ரயர் கிழிந்தால் தைத்து ஓடினோம். ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டோம். எதையும் இலேசில் எறியாத அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால், மெதுவாகப் போன சைக்கிளுக்கு ஏற்றது, ஏ9 வீதியில் எழுபதில் போகும் காருக்கு ஏற்றதல்ல. அந்த வேகத்தில் ஒரு ரயர் வெடித்தால், உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

ரயர் இரண்டு வகையில் பழுதாகும். ஒன்று தேய்மானம். ரயரின் பெரிய பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். கார் ரயரில் அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பள்ளம் குறைந்த ரயர் மழைத் தண்ணீரை வெளியே தள்ளாது. பிரேக் பிடித்தாலும் வழுக்கும்.

மற்றது வயது. இது பலருக்குத் தெரிவதில்லை. வெயிலும் சூடும் காற்றும் பட்டு இறப்பர் இறுகி வெடிக்கும். ஓடாமல் முற்றத்தில் நிற்கும் வாகனத்தின் ரயரும் பழசாகும். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

வயதை அறிவது சுலபம். ரயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3518 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் இலக்கம் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் பாருங்கள். ஐந்து வயதான பின் ஆண்டுதோறும் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து வயதானால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வேண்டாம். பின்னால் கிடக்கும் ஸ்பெயார் சில்லுக்கும் இதே கணக்குத்தான்.

ஒரு கடையில் எனக்குப் "புது ரயர், அக்கா" என்று ஒன்றைக் காட்டினார்கள். குனிந்து இலக்கத்தை வாசித்தேன். நான்கு வருடத்துக்கு முன் செய்தது. "இதைவிடப் பிந்தினது இருக்கோ தம்பி?" என்று கேட்டேன். உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார்கள், விலை அதேதான். இலக்கம் வாசிக்கத் தெரிந்தால் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. பாவித்த ரயர் வாங்குவோர் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டில் வீக்கமோ ஆழமான வெட்டோ கண்டால் அன்றே மாற்றுங்கள். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டு ஓடுவது ஆபத்து. இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்றுக் கூடுதல், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று அடிப்பது என்பது பெரும்பாலும் சாரதியின் கதவோரத்தில் எழுதியிருக்கும். ரயர் சூடாகுமுன், காலையில் பார்ப்பதே சரி.

நான்கு ரயரையும் ஒரேயடியாக வாங்குவது நமக்குக் கஷ்டம். அதற்கும் ஒரு வழி உண்டு. ரயர்கள் 40,000 கிலோமீற்றர் ஓடும் என்றும், வாகனம் மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 40 மாதம். ஒரு ரயர் விலையில் பத்தில் ஒரு பங்கை மாதாமாதம் ஒதுக்கினால், அந்த நேரம் வரும்போது நான்குக்கும் காசு கையில் இருக்கும். கூட ஓடினால் கூட ஒதுக்குங்கள். இதை லீசிங் கட்டும் நாளிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

கழற்றிய ரயரை வளவுக்குள் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். எரிக்கவும் வேண்டாம்; அந்தப் புகை நஞ்சு. கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இந்த இதழை மூடி வைத்ததும், வாசலில் நிற்கும் வாகனத்தின் நான்கு இலக்கங்களையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.