கண்டுமுதலுக்கு வராத யுத்தக் கணக்கு

படைபலத்தில் இந்தியாவுக்கு உலகில் நாலாவது இடம் என்று சமீப வருஷங்களாக ஒரு பட்டியல் பறைசாற்றி வருகிறது. டாங்கி இத்தனை, விமானம் இத்தனை, ஆள் இத்தனை. எல்லாவற்றையும் கூட்டிக் குழைத்து ஓர் எண். இதற்கு விஞ்ஞானம் என்று பெயர்!

திருப்பனந்தாள் வட்டாரத்து விவசாயத் தொழிலாளியிடம் இந்த ஜம்பம் பலிக்காது. வரப்பில் நின்றபடி காரியஸ்தர் போட்ட மதிப்பு வேறு, களத்தில் அடித்துத் தூற்றிக் கண்ட கண்டுமுதல் வேறு என்பதை நம் பாட்டன்மார் வயிற்றால் அறிந்தவர்கள். கண்டுமுதல் குறைந்தால் மதிப்பு தப்பு என்று காரியஸ்தர் ஒப்பியதுண்டா? குத்தகைக்காரன் திருடன் என்றுதானே சொன்னார்!

யுத்தக் காரியஸ்தர்களும் அப்படியே. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு ஓர் உத்தரவு போயிற்று: எதிரி நாட்டு ஜனங்களின், குறிப்பாக ஆலைத் தொழிலாளர்களின் மன உறுதியே இலக்கு. மார்ச் 30ல் சர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகர் லிண்டமன் இதற்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். 58 நகரங்களில் குண்டு போட்டால் ஜெர்மன் ஜனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடிழப்பார்கள். அதோடு மனமும் ஒடியும்! வீட்டுக் கணக்கு ஐந்து மடங்கு அதிகம் என்றார் டிசார்ட். ஆறு மடங்கு என்றார் பௌதிக விஞ்ஞானி பிளாக்கெட். கேட்பாரில்லை.

மனம் ஒடியும் என்பதற்கு என்ன ஆதாரம்? ஹல், பர்மிங்ஹாம் நகரங்களில் ஜெர்மன் குண்டு விழுந்தபின் நடந்த ஆய்வாம். அந்த ஆய்வை நடத்திய பெர்னலும் ஜுக்கர்மனும் கண்டதோ நேர்மாறு: ஜனங்கள் பீதியில் சிதறியதற்குச் சாட்சியமே இல்லை. அவர்களுடைய அறிக்கை முடிவதற்குள்ளேயே லிண்டமன் தமக்கு வேண்டிய முடிவை எழுதிவிட்டார்! லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். ஜெர்மன் ஆயுத உற்பத்தியோ 1944 நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டே போயிற்று.

கணக்கே கூடாது என்கிறோமா? இல்லை. அதே பிளாக்கெட் கடற்படைக்காகக் கணக்குப் போட்டவர்தான். கூட்டமாகச் செல்லும் சரக்குக் கப்பல்களின் தொகையைப் பெருக்கினால் நஷ்ட விகிதம் குறையும் என்று காட்டினார். எதைக் கொண்டு காட்டினார்? உண்மையில் மூழ்கிய கப்பல்களின் பதிவேட்டைக் கொண்டு. அங்கே கடல்தான் களம்; ஒவ்வோர் எண்ணும் அங்கே அளக்கப்பட்டது. தவறென்று தெரிந்தால் கைவிடக்கூடிய கணக்கே விஞ்ஞானம். எது நடந்தாலும் தன்னையே மெச்சிக்கொள்ளும் கணக்கு ஜோசியம்.

இந்தப் பிளாக்கெட்டைத்தான் நேரு ஆலோசனைக்கு அழைத்தார். 1948ல் அவர் கொடுத்த அறிக்கை, அணு ஆயுதத்தின் பின்னால் ஓட வேண்டாம், நாட்டின் பொருளாதாரம் தாங்கும் அளவில் படையை வையுங்கள் என்றது. இன்றைய பட்டியல்காரர்களுக்கு இந்தப் பேச்சு கசக்கும். பட்டியலில் இடம் இறங்கிவிடுமே!

கடைசியாக ஒரு களத்தையும் பார்த்துவிடுவோம். ஆப்கானிஸ்தான் அரசுக்கு 3 லட்சம் சிப்பாய்களும் போலீசும் உண்டு என்று 2021 ஜூலையில்கூட வாஷிங்டன் சொல்லிற்று. ஆகஸ்ட் 15ல் காபூல் விழுந்தது. அந்தக் கணக்கில் பல பெயர்கள் வெறும் பெயர்களே என்று அமெரிக்க சர்க்காரின் தணிக்கையாளர்களே பல வருஷங்களாக எழுதி வந்திருக்கிறார்கள். மஸ்டர் ரோலில் பெயர் இருந்தது, சம்பளம் பட்டுவாடா ஆயிற்று, ஆள் மட்டும் இல்லை. அந்தச் சம்பளம் யார் பைக்குப் போயிற்று என்று மில் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டுமா?